நான் குடிக்காத களைக்கொல்லி

இதைப் படித்துவிட்டு யாரும் என்மேல் பரிதாபப்பட வேண்டாம். பரிதாபத்தை ஆஸ்பத்திரியில் தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன், அதுவும் செய்யாத காரியத்துக்கு. எனக்கு என்ன வந்தது, எப்படி வந்தது, அப்போது என் வீட்டார் வாயில் என்ன வந்தது என்பதை நடந்தபடி எழுதுகிறேன். உடம்பைக் குறைக்க ஊசி தேடி அலைகிறவர்கள் ஓசூரில் என் ஷிப்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவினால் சரி. உதவாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, குறைய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே குறைந்தாயிற்று.

என் பெயர் கோவிந்தராஜ். சொந்த ஊர் கல்லாவிக்குப் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இரும்பைக் கடையும் சிஎன்சி லேத் ஓட்டுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெண் வீட்டார் இப்போதெல்லாம் மாடு பிடிக்க வந்தவர்களைப் போல நம்மைச் சுற்றி நடந்து பார்க்கிறார்கள். எனக்கு வேலை இருந்தது, நிலம் இருந்தது, கெட்ட பழக்கம் இல்லை. உடம்புதான் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது என் கணக்கு.

சூளகிரிப் பக்கம் ஒரு வீட்டில் பெண் பார்க்கப் போனோம். பார்க்கப் போனது நாங்கள், பார்க்கப்பட்டது நான். பெண்ணின் அப்பா என் வயிற்றிடம்தான் பேசினார்.

"பையன் தங்கமான பையன்னு வெசாரிச்சிட்டோம்ங்க. ஒடம்பு மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கிட்டா மேக்கொண்டு பேசலாம். தை பொறக்கட்டும்."

திரும்பி வரும்போது காரில் அக்கா மட்டும், "பொண்ணு சிரிச்சிச்சிடா, நான் பாத்தன்" என்றாள். எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

அக்கா செல்வியின் வீட்டுக்காரர் சிவகுமார் மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எல்லையைத் தாண்டி கர்நாடகப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை. புது மருந்துகளை எலிக்குக் கொடுத்துப் பார்க்கும் இடம். மாமா எலியைத் தொட்டதே இல்லை, அவருடையது எழுத்து வேலை. நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும் ஆய்வறிக்கையைப் பிழிந்து ஒரு பக்கச் சுருக்கம் ஆக்கிக் கொடுப்பார். பெரியவர்கள் சுருக்கத்தை மட்டும்தான் படிப்பார்களாம். நாளடைவில் மாமாவும் சுருக்கத்தை மட்டும் படிக்கிற ஆளாகிவிட்டார்.

"நீ ஏன் மாப்ள ஏரிக்கரையில மூச்சு வாங்க ஓடிக்கிட்டு கெடக்கற? எங்ககிட்ட ஒரு பெப்டைடு இருக்குது. வாரத்துக்கு ஒரு ஊசி. தை பொறக்கறதுக்குள்ள உன்னைய உனக்கே அடையாளம் தெரியாது."

பெப்டைடு என்பது ஒன்றும் மாயமில்லை. புரதம் ஒரு நீளச் சங்கிலி என்றால் அதில் ஒரு சின்னத் துண்டு பெப்டைடு. இன்சுலின்கூட அந்தக் குடும்பம்தான். மாமா சொன்ன சரக்கு இரைப்பையைச் சோம்பேறி ஆக்கிவிடும். சாப்பிட்டது லேசில் கீழே இறங்காது, மூளைக்கும் பசி போய்ச் சேராது. சோதனை முடிந்து அழிப்பதற்காக ஒதுக்கி வைத்த குப்பிகளில் இரண்டை மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மனிதர்களுக்கு அல்ல என்று மேலேயே அச்சடித்திருந்தது. கேட்டதற்கு, "அது சட்டத்துக்காகப் போடறதுடா" என்றார்.

எவ்வளவு போட வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் அனுப்பினார். வாரத்துக்கு இத்தனை மில்லிகிராம், இவ்வளவு தண்ணீரில் கலக்கு, இன்சுலின் ஊசியில் இருபதாவது கோடு வரை இழு. அதே மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களின் கட்டுரையிலிருந்து மில்லிகிராமை எடுத்தார், வெளிநாட்டுக்காரன் எவனோ இணையத்தில் போட்டிருந்த அட்டவணையிலிருந்து கோட்டை எடுத்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் இன்சுலின் ஊசி கேட்டேன். சிவப்பு மூடி போட்ட ஊசியைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

குப்பி குளிரில் இருக்க வேண்டும் என்று அம்மா அதை ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைப் பிடித்து ஊசியை ஏற்றும்போது அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"வலிக்குதாடா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லம்மா."

"அப்ப எனக்கும் ஒண்ணு போடேன், முட்டி வலிக்குது" என்று சிரித்தாள். நல்லவேளை, போடவில்லை.

மறுநாள் காலை வாந்தி ஆரம்பித்தது. வாந்தி என்றால் குடித்த மறுநாள் எடுக்கும் வாந்தி இல்லை. முந்தின நாள் சாப்பிட்டது அப்படியே, அரைபடாமல், பருக்கை பருக்கையாக வந்தது. அப்புறம் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெறும் குமட்டல். சோடா குடித்தால் சோடா வந்தது. நாக்கை நனைத்தாலே குடல் சுருண்டு மேலே எழுந்தது. மாமாவுக்குப் போன் செய்தால், "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. சில நாளில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, கண் குழி விழுந்தது, மூத்திரம் நின்றுவிட்டது. நின்றது எனக்கே உறைக்கவில்லை. குடிக்காதவனுக்கு எங்கிருந்து வரும் என்று இருந்துவிட்டேன்.

அக்காவும் மாமாவும் ஓசூரிலிருந்து காரில் வந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பணியில் இருந்த டாக்டர் என் வாயில் டார்ச் அடித்தார். நாள்கணக்கில் அமிலம் ஏறி ஏறித் தொண்டை வெந்து சிவந்திருந்தது. விவசாயி வீடு, கல்யாணம் ஆகாத ஆள், வாந்தி, வெந்த தொண்டை, மூத்திரம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இதற்கு மேல் ஒரு டாக்டருக்குச் சொல்லத் தேவையில்லை.

"என்னப்பா குடிச்ச?"

"ஒண்ணுங் குடிக்கல சார். ஒரு ஊசி..." என்று ஆரம்பித்தேன். குமட்டல் வந்து பேச்சை அடைத்தது.

மாமா முன்னால் வந்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன், நான் அவ்வளவு பெரிய முட்டாள்.

"டாக்டர், வீட்டுல களைக்கொல்லி டப்பா தெறந்து கெடந்துச்சு. பொண்ணு விசயத்துல ஒரு மனவருத்தம் இருந்துச்சு."

இரண்டு வாக்கியத்திலும் ஒரு பொய்கூட இல்லை. மாட்டுக்கொட்டகையில் களைக்கொல்லி டப்பா இருந்தது. மூடி தொலைந்து வருஷமாகிறது, எப்போதும் திறந்துதான் கிடக்கும். மனவருத்தமும் உண்டு. ஊசியை மட்டும் விட்டுவிட்டார். மாமா பொய் சொல்லவில்லை, சுருக்கம் சொன்னார்.

அங்கிருந்து ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனேன், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் எனக்கு முன்னால் களைக்கொல்லி ஏறி உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மருந்து குடித்தவன் குடிக்கவில்லை என்றுதான் சொல்வான், தினம் பார்க்கிறோம் என்று ஐசியு டாக்டர் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தவர்கள் அப்படி.

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார்கள். விஷத்தை உறிஞ்சி எடுக்கக் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றுவார்கள். வழக்கமாக அது கீழே இறங்கிப் போய்விடும். என் இரைப்பைதான் வேலைநிறுத்தத்தில் இருந்ததே. ஊற்றிய கரி மேலேயே நின்று, திரும்பி, மூக்கிலும் வாயிலும் தார் போல வழிந்தது. துடைக்க வந்த மஞ்சுளா சிஸ்டர் கன்னடமும் தமிழும் கலந்து திட்டிக்கொண்டே துடைத்தார்.

"யாக்ரீ, ஏன் இப்படி பண்ணினீங்க? ஒரு பொண்ணுக்காகவா? ஊர்ல வேற பொண்ணே இல்லவா?"

"இல்ல சிஸ்டர், அதான் பிரச்சினையே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கழுத்து நரம்பில் தடிமனான குழாய் ஒன்றைச் செருகி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை மெஷின் செய்வதுதான் டயாலிசிஸ். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், கழுவப்பட்டு, இன்னொரு குழாயில் திரும்பி வரும். கிரியாட்டினின் என்று ஒரு கழிவு இருக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்குப் பத்தைத் தாண்டியிருந்தது. மெஷின் ஓடும்போது உடம்பு நடுங்கும், கை விறைக்கும். என் ரத்தம் வெளியே சுற்றிவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். பயம் என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சாவு பயம்கூட இல்லை, நான் சொல்வதை நம்பாத ஆட்கள் நடுவில் சாகிற பயம்.

ஐசியு டாக்டர் என் கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்று அம்மாவிடம் சொன்னார். இந்தக் களைக்கொல்லி முதலில் சிறுநீரகத்தைப் பிடிக்கும், அப்புறம் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி மூடிக்கொள்ளும், மாற்று மருந்து கிடையாது. "முயற்சி பண்றோம். நீங்க மனசைத் தேத்திக்கோங்கம்மா." எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவர் மறந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூடுகிறதா என்று. குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்போது குடித்துவிட்டோமோ என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டார் கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. அக்கா ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றுவாள். மாமா வேலை முடிந்து எல்லையைத் தாண்டி நேராக வந்து, பார்க்க விடும் நேரம் முழுக்க என் பாதத்தை அமுக்கிவிடுவார். உயிரோடு இருந்தவரை என் அப்பாகூட எனக்குக் கால் அமுக்கியதில்லை. அமுக்கிக்கொண்டே குனிந்து மெதுவாகச் சொல்வார்.

"மாப்ள, ஊசின்னு மட்டும் வாயத் தெறக்காத. குப்பி எங்க கம்பெனி சரக்கு. திருட்டுக் கேஸ் ஆயிரும். உன்னைய நான் பாத்துக்கறன்."

"மாமா, நான் செத்துருவன்னு சொல்றாங்க."

"அதெல்லாம் சும்மா. உனக்கும் எனக்கும் தெரியுமில்ல, நீ அதக் குடிக்கலன்னு?" என்றார். இதைவிடப் பெரிய ஆறுதலை யாராலும் சொல்ல முடியாது.

அக்கா அழுதாள். "ரெண்டு பொட்டப் புள்ளைங்கடா கோவிந்து. இந்த வேலை போச்சுன்னா அந்த மனுசனுக்கு வேற எவன் குடுப்பான்?" அவளுடைய கை என் நெற்றியில் இருந்தது. அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தெம்பில்லை. மனமும் இல்லை என்பதுதான் நிஜம், அவள் தூக்கி வளர்த்தவன் நான்.

ஆனாலும் ஒருநாள் பொறுக்க முடியாமல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், ஊசி. எடை குறைக்கற ஊசி. மாமா குடுத்தாரு." டாக்டர் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைவிட வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"காலையிலருந்தே இப்படித்தான் டாக்டர், கண்டபடி பேசறான். ரத்தத்துல யூரியா ஏறினா புத்தி கொழம்பும்னு நீங்கதான சொன்னீங்க?"

அதுவும் உண்மை. டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துக் கொடுத்தவள் அவள். சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

விஷம் குடித்த கேஸ் என்றால் போலீஸுக்குத் தகவல் போய்விடும். ஒரு ஏட்டய்யா வந்து, கடன் தொல்லையா, காதலா, கல்யாணப் பிரச்சினையா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற மாதிரிக் கேட்டார். மாமா கல்யாணம் என்றார். அதன் பலனாகச் சூளகிரிப் பெண்ணின் அப்பா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கட்டில் அருகே நின்று கும்பிட்டார். மூத்திரம் போகாதவனுக்கு ஆரஞ்சு ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"தம்பி, நாங்க சாதாரணமாத்தான் சொன்னோம். கொறச்சா நல்லதுன்னு. எங்க பேரு மட்டும் ஸ்டேசன்ல வர வேணாம். கையெடுத்துக் கும்புடறன்."

போகும்போது வயிற்றைப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. குண்டாக இருப்பதைக் குறைத்துவிடலாம், களைக்கொல்லி குடித்தவன் என்ற பேரை எந்த ஊசி போட்டுக் குறைப்பது? அந்தச் சம்பந்தம் அந்தப் பழப்பையோடு முடிந்தது.

என்னைக் காப்பாற்றியது ஒரு சந்தேகம். பெங்களூரிலிருந்து வாரத்தில் சில நாள் வரும் சிறுநீரக டாக்டரம்மாவுக்கு என்னைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. இத்தனை நாளில் வாய் முழுக்கப் புண் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நுரையீரல் படம் சுத்தமாக இருந்தது. "களைக்கொல்லி குடிச்சவர் மாதிரியே நீங்க நடந்துக்க மாட்டேங்கறீங்களே" என்றார், நான் ஏதோ ஒழுங்கீனம் செய்துவிட்ட மாதிரி. சிறுநீரில் ஒரு எளிய சோதனை இருக்கிறதாம். அதில் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டால், அந்தக் களைக்கொல்லி இருந்தால் நீலமாக மாறும், இல்லாவிட்டால் மாறாது. முதல் நாளே செய்திருப்பார்கள். செய்யச் சிறுநீர் வேண்டுமே.

அதற்குப் பிறகு என் சிறுநீர்ப்பையில் செருகியிருந்த குழாயும், கட்டிலில் தொங்கிய பையும்தான் எல்லோருக்கும் உலகம். வந்தால் சிறுநீரகத்துக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், வந்தால் நான் சொன்னது நிஜமா பொய்யா என்றும் தெரிந்துவிடும். அம்மா ஊரில் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று பல வருஷம் வேண்டியவள், இப்போது மூத்திரம் வர வேண்டும் என்று வேண்டினாள். முனியப்பனுக்கு இது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சில டயாலிசிஸ் கழித்துக் குழாயின் அடியில் கறுத்த டீ போல ஒரு மடக்கு தேங்கியது.

டாக்டரம்மா என் கண் முன்னாலேயே சோதனையைச் செய்தார். கண்ணாடிக் குழாய், பொடி, ஒரு குலுக்கு. மஞ்சுளா சிஸ்டரும் நின்று பார்த்தார். நான் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கறுத்த டீ கறுத்த டீயாகவே இருந்தது. காத்திருந்தோம். நீலம் வரவில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, ஆனால் உடம்பில் கண்ணீருக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

"இப்ப சொல்லுங்க. என்ன போட்டுக்கிட்டீங்க?"

அன்று மாமா இல்லை. அக்கா வாசலில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் இருந்த மாமாவின் ஒற்றை வரியையும் காட்டினேன். டாக்டரம்மா படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊசி மூடி என்ன கலர்?"

"செவப்புங்க."

கண்ணை மூடித் திறந்தார். இன்சுலின் ஊசி இரண்டு விதம். சிவப்பு மூடியில் ஒரு மில்லிக்கு நாற்பது கோடு. இன்னொரு விதத்தில் அதே ஒரு மில்லிக்கு நூறு கோடு. வெளிநாட்டு அட்டவணை நூறு கோட்டுக்காரனுக்காக எழுதியது. நான் நாற்பது கோட்டு ஊசியில் இருபதாவது கோடு வரை இழுத்தேன், இரண்டரை மடங்கு உள்ளே போயிற்று.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சிஎன்சி லேத்து மேடம்."

"அளவெடுத்தே பொழைக்கற ஆளு. ஸ்கேலைப் பாக்காமயா அளந்தீங்க?" என்றார். வலித்தது. கழுத்துக் குழாயைவிட வலித்தது.

அது பாதிக் கதைதான். அந்த மருந்தைப் பற்றிய கட்டுரையைத் தன் போனில் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். மேலே, எல்லோரும் படிக்கும் சுருக்கத்தில், மாமா அனுப்பிய அதே மில்லிகிராம் இருந்தது. மாமா எழுத்துப் பிசகாமல்தான் எடுத்திருக்கிறார். டாக்டரம்மா விரலால் தள்ளிக்கொண்டே கீழே கீழே போனார். எங்கேயோ கடைசியில், இணைப்பு என்று தனியாக வைத்திருந்த ஒரு பொடி எழுத்து அட்டவணையில், அந்த அளவுக்கு எப்படிப் போனார்கள் என்று இருந்தது. அதில் துளியூண்டு அளவில் ஆரம்பித்து, சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, மாதக்கணக்கில் ஏறியிருக்கிறார்கள். தாங்க முடியாதவர்களைப் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். சுருக்கத்தில் இருந்தது அவர்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்த அளவு. நான் ஆரம்பித்த அளவு அது, அதுவும் இரண்டரை மடங்காக.

"இதை மேலயே எழுதறதுக்கு என்ன மேடம்?"

"துறையில இருக்கறவங்களுக்குக் கீழ பாக்கணும்னு தெரியும். மத்தவங்க படிப்பாங்கன்னு அவங்க நெனச்சு எழுதறதில்ல."

எனக்கு லேத் பாஷையில்தான் புரிந்தது. ஒரு கம்பியை எந்த விட்டத்துக்குக் கடைய வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கும். அதற்காக முழுச் சதையையும் ஒரே வெட்டில் எடுத்தால் டூல் உடைந்து, கடைகிற ஜாப் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பத்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித்தான் அங்கே போக வேண்டும். இறுதி அளவை மட்டும் கொடுத்து, வழியைக் கொடுக்காத சீட்டை எங்கள் கம்பெனியில் யாரும் மெஷின் மேல் ஒட்டமாட்டார்கள். என்னை ஒரே வெட்டில் கடைந்துவிட்டார்கள்.

கரியை நிறுத்தினார்கள், களைக்கொல்லிக்காக ஏற்றிய மருந்துகளை நிறுத்தினார்கள். இனி நுரையீரல் மூடாது. ஆனால் வறண்டு செத்த சிறுநீரகம் திரும்புமா, ஆயுசுக்கும் மெஷின்தானா என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. "காத்திருக்கணும்" என்றார். அக்கா வருவதைக் குறைத்துக்கொண்டாள். மாமா வருவதையே நிறுத்திவிட்டார். என் பாதத்துக்கு யாருமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அமுக்கலுக்காக ஏங்கினேன், அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்தான்.

பையில் சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒருநாள் பை கனத்துத் தொங்கியதைப் பார்த்து மஞ்சுளா சிஸ்டர், "ஸ்வீட் எல்லி, எங்க ஸ்வீட்?" என்று கையை நீட்டினார். டயாலிசிஸை இடைவெளி விட்டார்கள், பிறகு நிறுத்தினார்கள், கழுத்துக் குழாயைப் பிடுங்கினார்கள். முழுசாகத் திரும்பவில்லை. மிச்சம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் ஓட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. உப்பு இல்லாமல், தண்ணீரை அளந்து குடித்து, வலி மாத்திரை தொடாமல்.

டாக்டரம்மா மாமாவின் கம்பெனிக்கு விஷயத்தைத் தெரிவித்தார். அவர்கள் மாமாவிடம் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்றும் அதே நாற்காலியில் உட்கார்ந்து சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஏட்டய்யாவிடம் போய் நான் குடிக்கவில்லை என்று மாற்றச் சொன்னேன். "பொழச்சிக்கிட்ட இல்ல, போய் வேலையப் பாரு" என்றார். ஊரில் இன்றும் நான் பொண்ணுக்காகக் களைக்கொல்லி குடித்தவன். சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷனில் ஒரு ஆள் என்னைக் காட்டித் தன் மகனுக்குப் புத்தி சொன்னதை நானே கேட்டேன்.

வேலைக்குத் திரும்புமுன் ஊரில் கொஞ்ச நாள் இருந்தேன். ஒரு மத்தியானம் அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து எனக்காகச் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்கக்கூடாது என்று இருந்தவன் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, ஊசி போட்டப்ப நீ பக்கத்துலதான நின்ன. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. மறைக்கவும் இல்லை.

"சொல்லலாம்னுதான் இருந்தன் சாமி. அதுக்குள்ள அந்த டாக்டரு, பையன் பொழைக்க மாட்டான், மனச தேத்திக்கோங்கன்னுட்டாரு. போறவன் எப்படியும் போயிருவான். இருக்கற உங்கக்காளையாச்சும் நடுத்தெருவுல வுடாம இருக்கலாமேன்னு வாய மூடிக்கிட்டன்."

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"அம்மா, நான் களைக்கொல்லி குடிச்சன்னு நெனச்சதாலதான் அந்த டாக்டர் பொழைக்க மாட்டான்னு சொன்னாரு."

நறுக்கிய கை நின்றது. இந்த விஷயம் இதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் ஊசின்னு சொல்லியிருந்தா அவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரா?"

"மாட்டாரு."

அம்மா கையில் மிச்சமிருந்த சுரைக்காய்த் துண்டைப் பார்த்தாள். பிறகு அதையும் நறுக்கி முடித்தாள். எழுந்து போய் உப்பில்லாத குழம்பை இறக்கி வைத்தாள்.

"சோறு போடட்டுமா?" என்றாள்.

"போடு" என்றேன்.